கேட்காததைச் சொல்லாதே

சொட்டு விழுகிறது. அடுத்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு யோசனையை ஆரம்பிக்கத்தான் நேரம் இருக்கிறது, முடிக்க நேரமில்லை, அதனால் காலையிலிருந்து எதையும் முடிக்காமலே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேகம் சரிதான். குழாயின் அடியில் இருக்கும் திருகை இன்னும் கொஞ்சம் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இறங்கிவிடும், மூடினால் நான்கு மணிக்குள் முடியாது. நான்கு மணிக்கு நான் என் வழிகாட்டி ஹெப்சிபா மேடத்தின் அறையில், அவருடைய புத்தக அலமாரி பின்னால் தெரிகிற மாதிரி, அம்மா எடுத்துக்கொடுத்த மாம்பழ நிறப் புடவையில் உட்கார்ந்து, மடிக்கணினித் திரையில் வரப்போகும் மூன்று பேருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வடக்கே ஒரு ஆய்வு நிறுவனத்தின் நேர்காணல். விஞ்ஞானி வேலை, நிரந்தர வேலை. இந்த மாதக் கடைசியோடு என் உதவித்தொகை முடிகிறது, அப்புறம் இந்த ஆய்வகத்தின் சாவியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முப்பத்திமூன்று வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு துறையூர் பஸ் ஏற வேண்டியதுதான். இப்படி ஒரு நாளில் யாராவது சோதனையை ஆரம்பித்துவிட்டு உட்காருவார்களா என்று மெஹ்ருன்னிசா காலையிலேயே கேட்டாள். பக்கத்து மேசைக்காரி, என்னோடு ஒரே வருஷம் சேர்ந்தவள், என்னைத் திட்டும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டவள். மூன்று வாரமாகச் செய்து நேற்று முடித்த பொருள், அழுக்கோடு வைத்திருந்தால் கெட்டுவிடும், இன்றைக்கே பிரித்தாக வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். சும்மா உட்கார்ந்திருந்தால் நகம் அத்தனையையும் தின்று தீர்த்திருப்பேன் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் நிற்கிறது என் கண்ணாடிக் குழாய். உள்ளே கோலமாவு மாதிரி வெள்ளை சிலிக்கா, அதன் தலையில் என் பொருள். மேலே கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அது பொருளைக் கீழே இழுத்துக்கொண்டு வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் இறங்கும், இறங்குவதை டெஸ்ட் டியூப்களில் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் மஞ்சள் பட்டை வருகிறது, சிவப்புப் பட்டை வருகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் பொருளுக்கு வெயில் பட்டால் இளமஞ்சள் போய் நீலமாகும், இருட்டில் வைத்தால் மறுபடி மஞ்சளாகும், அந்த அழகுக்காகத்தான் இத்தனை வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஆனால் சிலிக்காவில் இருக்கும்போது வெளிச்சம் பட்டால் நீலமும் இல்லை மஞ்சளும் இல்லை, சிதைந்தே போகும். அதனால் குழாய் முழுக்க அலுமினியத் தாள், ஓட்டல் சப்பாத்திப் பொட்டலம் மாதிரி. டியூப்களுக்கு மேல் கறுப்புத் துணி, ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. மேலே ஊற்று, கீழே பிடி, நடுவில் நடப்பதை நம்பு, அவ்வளவுதான். விட்டு நகரவும் கூடாது, கரைப்பான் வற்றிவிட்டால் சிலிக்காவில் விரிசல் விழுந்துவிடும். ரொம்ப நேரம் ஊறவும் கூடாது, சிலிக்காவில் கிடக்கக் கிடக்க இது வீணாகும். எனக்கென்று பார்த்து ஒரு பொருள் வாய்த்திருக்கிறது, எதையும் பொறுக்காதது.

கேட்காததைச் சொல்லாதே. நேற்று சாயங்காலத்திலிருந்து இதுதான் காதில் ஓடுகிறது. மேடம் என் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருந்த ஒற்றை வரியின் மேல் பென்சிலை வைத்தார். 'ஒரு சொட்டு வேதியியல் - தமிழில் அறிவியல் காணொளிகள்.' பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, அப்புறம் ஒரு கோடு இழுத்தது. நான் பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, பாளையங்கோட்டைப் பேச்சு வெளியே வந்துவிட்டது. "இங்க பாரு மங்கை, நான் ஒன்னயப் பொய் சொல்லச் சொல்லல. கேக்காததச் சொல்லாதங்கேன். அவனுவ ஒன் வாயப் பாத்துட்டு கையப் பாக்காமப் போயிருதானுவ." இதில் கோபப்பட என்ன இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பட்டாயிற்று. முதல் இடத்தில் நானே பெருமையாக ஆரம்பித்தேன், வாரம் ஒரு காணொளி என்று சொன்னதும் நடுவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் வேலை எப்போது செய்வீர்கள் என்று கேட்டார். இரண்டாவது இடத்தில் இன்னும் மோசம். எங்கே, அதே மாதிரி ஒரு நிமிஷம் பேசிக் காட்டுங்களேன் என்றார்கள், கல்யாண வீட்டில் குழந்தையை ஆடச் சொல்கிற மாதிரி. பேசினேன். கை தட்டினார்கள். வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். மேடம் இருபத்தைந்து வருஷமாக ஆட்களை இந்த மாதிரி அறைகளுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவர். அவர் கோடு போட்டால் அதில் விஷயம் இருக்கும். இருந்தாலும் அந்தக் கோடு என் மேல் போட்ட மாதிரி இருந்தது. ராத்திரி தூக்கத்தில் நான் அதை அழித்துக்கொண்டிருந்தேன், ரப்பர் தேயத் தேயக் கோடு போகவேயில்லை.

டியூப் நிறைந்துவிட்டது, மாற்று. இன்னொன்று. சொட்டு. அம்மாவால் வந்தது இது எல்லாம். அம்மா துறையூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், இருநூறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணி வைக்கிறவளுக்கு என் வேலை மட்டும் கணக்கில் வரவில்லை. நான் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் போனில் கேட்டாள். "எப்பப் பாத்தாலும் பிரிக்கிறேன் பிரிக்கிறேங்கற, என்னத்தடி பிரிக்கிற?" நானும் மூலக்கூறு என்றேன், முனைவு என்றேன், அம்மா ம்ம் ம்ம் என்றாள், அந்த ம்ம் எனக்குத் தெரியும், டிவி பார்த்துக்கொண்டே போடுகிற ம்ம். ரோஷமாகிவிட்டது. சரிம்மா, நம்ம தெருவை நினைச்சுக்க என்றேன். தெருக்கோடியில் இரண்டு பேரை ஒன்றாக நடக்க விடுகிறோம். ஒருத்தருக்கு அந்தத் தெருவில் யாரையும் தெரியாது, விறுவிறு என்று நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். இன்னொருத்தர் நம் பெரியத்தை. முதல் வீட்டில் வாங்க என்பார்கள், உட்காருவாள். அடுத்த வீட்டில் மருமகள் வந்திருப்பாள், பார்க்காமல் போக முடியுமா. அதற்கடுத்த வீட்டில் காபி. ஒன்றாகக் கிளம்பினாலும் இரண்டு பேரும் தெருமுனைக்கு வெவ்வேறு நேரத்தில்தான் வந்து சேருவார்கள், அவ்வளவுதான், சிலிக்காதான் தெரு, முனையில் டம்ளரை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். அம்மா டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள், "அப்ப ஒங்க பெரியத்தைய எப்புடித்தான் கெளப்பிக் கொண்டாருவ?" அதுதானே கேள்வி. யாரையும் தெரியாத கரைப்பானோடு அனுப்பினால் அவள் அசையமாட்டாள், அது பாட்டுக்கு அவளைத் தாண்டிப் போய்விடும். கொஞ்சம் உறவான கரைப்பானைக் கலந்து அனுப்ப வேண்டும், அது கையைப் பிடித்து, வாங்க நேரமாச்சு என்று மெதுவாகக் கூட்டி வரும். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் வந்து என்னவென்று கேட்டார்களாம். அதையே போனில் படம் பிடித்துப் போட்டேன், பெரியத்தையின் பெயரை மட்டும் மாற்றி. அதுதான் முதல் சொட்டு.

மட்டம் இறங்கியிருக்கிறது, ஊற்ற வேண்டும். முதல் அழுக்கெல்லாம் ஹெக்ஸேனோடு, அந்த யாரையும் தெரியாத கரைப்பானோடு, போயாயிற்று, இனி எத்தில் அசிட்டேட் சேர்ந்த கலவை. இரண்டு குடுவையும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் தண்ணீர் மாதிரி. மார்க்கரில் எழுதியிருந்தது கை ஈரத்தில் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. உங்கள் அடுத்த ஐந்து வருட ஆராய்ச்சித் திட்டம் என்ன, நன்றி, மிக நல்ல கேள்வி, இல்லை, மிக நல்ல கேள்வி என்று சொல்லக் கூடாது, மேடம் சொல்லியிருக்கிறார், அது மேடைப் பேச்சு மாதிரி இருக்குமாம், நேரே பதிலுக்குப் போ என்றார், சரி, என் திட்டம் மூன்று பகுதிகளாக, ஊற்று, ஓரமாக ஊற்று, சிலிக்கா கலங்கக் கூடாது, மூன்று பகுதிகளாக, ஏன் எல்லோருமே மூன்று பகுதி என்கிறோம், இரண்டு என்றால் குறைவாகவும் நான்கு என்றால் பேராசையாகவும் தெரியும் போல. குடுவையைக் கீழே வைத்தேன். ஒரு தடவை கோயம்புத்தூர் மாநாட்டில்கூட என் உரை நன்றாகத்தான் போனது, வெயில் பட்டதும் என் மூலக்கூறின் வளையம் எப்படித் திறந்து மூடுகிறது என்று படிப்படியாகக் காட்டியிருந்தேன், ஒருவரும் தூங்கவில்லை. முடிந்ததும் தலைமை தாங்கியவர் ஒலிபெருக்கியை வாங்கி, இவங்க நம்ம யூடியூப் பொண்ணு, லைக் போட்டுடுங்க என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் முகத்திலிருந்து கழுவ முடியவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் எதில் என்றால், அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்பதில்தான். விஞ்ஞானிகள் நடுவில் நான் பேச்சாளி. பேசுகிறவர்கள் நடுவில், எல்லாவற்றுக்கும் ஆனால், ஒருவேளை, இன்னும் உறுதியாகவில்லை என்று இழுக்கிற விஞ்ஞானி. இரண்டு தெருவிலும் சொந்தக்காரர்கள், இரண்டு முனைக்கும் போய்ச் சேராதவள்.

வெளியே மயில் கத்துகிறது. இந்த வளாகத்தில் மாணவர்களைவிட மயில் ஜாஸ்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதத்திலும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது, அன்றைக்கு நான் இதே மேசையில் தனியாக நின்று சிரித்தேன், பக்கத்தில் யாரும் இல்லாததால் மயிலுக்குத்தான் சொன்னேன். அதற்குக் காரணம் கோதண்டபாணி சார். பட்டுக்கோட்டை, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே அவர் எழுதுவதை மட்டும் தொகுத்தால் என் ஆய்வேட்டைவிடத் தடிமனாக வரும். முதல் வரியில் வாழ்க வளமுடன், இரண்டாவது வரியிலிருந்து குற்றம். உப்பைப் பற்றிப் பேசினால் கல் உப்பை ஏன் விட்டீர்கள். சோப்பைப் பற்றிப் பேசினால் சீயக்காய்க்கு என்ன பதில். என் நீலப் பொருளைப் பற்றி ஒரு காணொளி போட்டேன். வெயிலில் நீலம், இருட்டில் மஞ்சள், பல நூறு தடவை மாற்றி மாற்றிக் காட்டலாம், அப்புறம் மெதுவாகக் களைத்துப்போகும், நீலம் வெளிறிவிடும், அதுதான் இதில் குறை என்று சொல்லி முடித்தேன். அவர் எழுதினார், அம்மா மங்கையர்க்கரசி அவர்களுக்கு, களைத்துப்போனது என்றீர்கள், களைத்ததை ஓய்வெடுக்க விட்டீர்களா, நான்கு நாள் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால் தெம்பு வருமா வராதா என்பதைச் சொல்லவில்லையே. எனக்குச் சுரீர் என்றது. களைப்பு என்பது நாங்கள் பேச்சுக்குச் சொல்வது ஐயா, உண்மையில் மூலக்கூறு உடைந்துபோகிறது, உடைந்தது ஒட்டாது என்று பதில் எழுதப் போனேன். எழுதி அனுப்பும் முன்னால் கை நின்றது. யாராவது பார்த்திருக்கிறார்களா? தேடினேன். எல்லோரும் களைக்கிற வரைக்கும் எண்ணிவிட்டுக் கொட்டியிருந்தார்கள். ஒரு வாரம் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு எரிச்சல், எனக்குத் தெரியாததைக் கேட்டுவிட்டாரே என்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வெளிறிப்போன கரைசலை ஒரு குப்பியில் போட்டு, கொட்டாமல், இழுப்பறை இருட்டில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து வெயிலில் காட்டினால் நீலம். பழைய நீலம் இல்லை, முக்கால்வாசி. உடைந்தவை போக மீதி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிக்கிக் கிடந்திருக்கிறது, விட்டு வைத்ததும் தானாகப் பிரிந்திருக்கிறது. அது ஏன் எப்படி என்று பார்க்க அப்புறம் ஒரு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு என் விண்ணப்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது அந்தக் கட்டுரைதான். மேடம் கோடு போட்ட வரி மூன்றாம் பக்கத்தில். கோதண்டபாணி சாருக்குப் பதில் எழுதினேன், அவர் வாழ்க வளமுடன் என்று எழுதிவிட்டு, காணொளியில் என் உச்சரிப்பில் ஒரு ழகரம் சரியில்லை என்றார்.

பிளேட் போட்டுப் பார்க்கும் நேரம். சின்ன வெள்ளைத் தகட்டில் ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஒரு பொட்டு, யுவி விளக்கை மேலே காட்டினால் என் பொருள் இருக்கும் பொட்டு நீலமாகும். காட்டினேன். ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் இல்லை, சரி. இரண்டாம் வரிசையில் இல்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டும். போன தடவை இந்நேரம் எட்டுப் பத்துப் பொட்டு நீலம் பூத்திருந்தது. விளக்கை அணைத்துப் போட்டேன், தகட்டைத் திருப்பினேன், திருப்பினால் வந்துவிடுமா. வெளிச்சம் பட்டிருக்குமோ, தாளில் எங்காவது ஓட்டையோ, உள்ளேயே எல்லாம் சிதைந்து பழுப்பாகிக் கிடக்கிறதோ. போச்சு. பொருளும் போச்சு, மூன்று வார உழைப்பும் போச்சு, இதையே சரியாகச் செய்யத் தெரியாதவள் அங்கே போய் என்ன கிழிக்கப் போகிறாள், யூடியூப் பொண்ணு, லைக் போட்டுடுங்க. துறையூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், பெட்டி, எதிர் வீட்டுக்காரம்மா, லீவாம்மா, ஆமாங்க லீவுதான், எவ்வளவு நாள் லீவு. அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் தாங்காது. ராத்திரி சாப்பாட்டில் ஒரு முட்டை அதிகமாக வைப்பாள். டியூஷன் எடுக்கலாம், நீட் கோச்சிங்கில் சேர்த்துக்கொள்வார்கள், நன்றாகப் பேசுவேனே, அங்கே பேசுகிறவர்கள்தான் வேண்டும். வாய் பிழைத்துக்கொள்ளும். கைதான் பாவம். இந்தக் கை எட்டு வருஷமாகக் கற்றுக்கொண்டதெல்லாம், எந்த வேகத்தில் சொட்டு விழ வேண்டும் என்பதெல்லாம், எங்கே போகும்? அழுகை வருகிறது, அழக் கூடாது, மை கரையும், மெஹ்ருன்னிசா கஷ்டப்பட்டு இழுத்துவிட்ட மை. மூக்கை உறிஞ்சினேன்.

உறிஞ்சினேன், ஏதோ குறைந்தது. மறுபடி உறிஞ்சினேன். பெட்ரோல் பங்க் வாடை. வெறும் பெட்ரோல் பங்க். எத்தில் அசிட்டேட் கலந்திருந்தால் நெயில் பாலிஷ் கடை மாதிரி இனிப்பாக மண்டையைப் பிடித்திருக்க வேண்டுமே, மதியத்திலிருந்து எனக்குத் தலைவலியே வரவில்லையே. கடைசி டியூபை எடுத்து முகர்ந்தேன். இரண்டு குடுவையையும் மூக்குக்குக் கொண்டுபோனேன். அட லூசே. ஐந்து வருடத் திட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொண்டே இடது கைப்பக்கக் குடுவையை எடுத்து ஊற்றியிருக்கிறேன். இத்தனை நேரமும் ஓடியது ஹெக்ஸேன், தெருவில் யாரையும் தெரியாதது. பெரியத்தை தெருக்கோடியில் முதல் வீட்டில் உட்கார்ந்து அசையாமல் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் போகவில்லை. வந்த இரண்டு வரிசையும் வெறும் அழுக்கைக் கழுவிய தண்ணீர், சொல்லப்போனால் போன தடவையைவிடச் சுத்தமாக வரும். சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், இந்தத் தடவை மூக்கைக் கேட்டுவிட்டு வலது குடுவையைத் தூக்கி ஊற்றினேன். வாங்க அத்தை, நேரமாச்சு. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இனிமேல் கிளம்பி அவள் முனைக்கு வருகிற நேரம், சரியாக என் நான்கு மணி.

மெஹ்ருன்னிசா புடவைக்கு ஊக்கு கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் நான் பாத்துக்கறேன் நீ போ என்றாள். அவள் பார்த்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வாள். ஆனால் கால் நகரவில்லை. மேடத்தின் அறையில், மேடத்தின் புத்தகங்களுக்கு முன்னால், பின்னால் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லாமல், அங்கே நான் யாராக உட்காரப் போகிறேன்? அவர்கள் கையைப் பார்க்க வேண்டும் என்றால் கை இருக்கிற இடம் இதுதான். "இங்கயே உக்காந்து பேசட்டுமாடி?" என்றேன். "மேடம் கொன்னுருவாங்க" என்று சொல்லிக்கொண்டே தன் மேசையைத் துடைத்தாள், என் மடிக்கணினியைக் கொண்டு வந்து கூண்டுக்கு எதிரே வைத்தாள், பக்கத்து விளக்கைப் போட்டு டியூப்களின் கறுப்புத் துணியை இழுத்து மூடினாள். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். திரையில் என் முகம், தோளுக்குப் பின்னால் வெள்ளித் தாள் சுற்றிய குழாய். மேடம் என்னைத் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். என்ன மங்கை இது என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் திரையில் முகங்கள் வர ஆரம்பித்துவிட்டன. மேடம் குனிந்து, படத்தில் தெரிகிற மாதிரி நின்ற கழிவுக் கேனை ஓசைப்படாமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

மூன்று பேர். ஒரு வழுக்கை, ஒரு தாடி, நடுவில் தலை நரைத்த ஒரு அம்மாள். எல்லாம் ஆங்கிலம்தான். அந்த அம்மாள் முதல் கேள்வியே பின்னால் பளபளக்கிறதே அது என்ன என்று கேட்டார். சொன்னேன், வெளிச்சம் ஆகாது, இப்போது நிறுத்த முடியாது, மன்னிக்கவும், தப்பான கரைப்பானை ஊற்றிவிட்டேன், இப்போதுதான் கண்டுபிடித்தேன். வாசலில் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வாடையை வைத்து என்றேன். வழுக்கை சிரித்தார், தானும் ஒரு முறை ராத்திரி முழுக்க வெறும் ஹெக்ஸேனை ஓட்டியிருப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் வேதியியல். வளையம், வேகம், வெப்பநிலை, அந்த எண் ஏன் இப்படி இருக்கிறது, இந்த வரைபடத்தில் கடைசிப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை, பின்னால் சொட்டு விழுகிறது, அதை மட்டும் காது எண்ணாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது, வேகம் சரிதான். தாடிக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போது மடிக்கணினிக்குப் பின்னால் மெஹ்ருன்னிசாவின் கை எழும்பியது. கையில் பிளேட். அதில் நீலப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று, இன்னும் அடர்த்தியாக. பெரியத்தை வந்துவிட்டாள். எத்தனை வீட்டில் உட்கார்ந்தால் என்ன, அத்தனை வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு முழுசாக வந்து நிற்கிறாள்.

நரைத்த அம்மாள் என் கட்டுரையைக் கையில் எடுத்தார். காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார், ஓரத்தில் எல்லாம் ஏதோ எழுதியிருந்தது. அவர் கேட்டார், இந்தத் துறையில் முப்பது வருஷமாக இருக்கிறேன், களைத்துப்போன கரைசலை நாங்கள் எல்லோரும் கொட்டிவிடுகிறோம், நீங்கள் மட்டும் ஏன் அதை ஓய்வெடுக்க விட்டீர்கள்? இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக நின்றது, பழைய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்று, அழகான பதில், யாரும் மேலே கேட்கமாட்டார்கள், மாதக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்காது. சொட்டு விழுந்தது. அடுத்ததற்குள் நான் வாசலைப் பார்த்தேன். மேடம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கேள்வி கேட்டுவிட்டது, என்ன பதில் என்பதும் அவருக்குத் தெரியும். பென்சில் பிடித்த அந்தக் கை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்யட்டும் மேடம், கேட்காததைத்தானே சொல்லக் கூடாது, இப்போது கேட்டுவிட்டார்களே. அவர் தலையசைத்தாரா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா. திரைக்குத் திரும்பினேன்.

"பட்டுக்கோட்டையில் கோதண்டபாணி என்று ஒருத்தர் இருக்கிறார்" என்று ஆரம்பித்தேன்.